பொது சுகாதார நிர்வாகத்துக்குப் போக நினைக்கும் மருத்துவருக்கு

வார்டு வேலையை விட்டுவிட்டுப் பொது சுகாதாரப் பக்கம் வரலாமா என்று கேட்டு இளம் மருத்துவர்கள் என்னிடம் வருவதுண்டு. எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலைப் பட்டம்) எங்கே படிப்பது, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் வேலை கிடைக்குமா, இந்த இரண்டு கேள்வியும் எப்படியும் வந்துவிடும். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. ஏழு வருடம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் நிர்வாகத்திலும், அதன் பிற்பகுதியில் சர்வதேசப் பேச்சுவார்த்தைகளிலும் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மருத்துவத்திலிருந்து நீங்கள் கூடவே கொண்டுவர வேண்டியது, நோயாளியை உட்கார வைத்து விசாரிக்கும் பழக்கம். விட்டுவிட்டு வர வேண்டியது, மருந்துச் சீட்டு எழுதும் பழக்கம்.

ஓ.பி.யில் நாம் சொன்னால் நோயாளி தலையாட்டுவார். நிர்வாகத்தில் உங்கள் மேசைக்கு எதிரே உட்காருகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய வேறொரு மேலதிகாரி இருக்கிறார். நிதித்துறைக்காரருக்கு இருக்கிறார், மருந்தாளுநருக்கு இருக்கிறார், எதிர்நாட்டுப் பிரதிநிதிக்கும் இருக்கிறார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வேலை: ஸ்டோருக்குப் போங்கள்

நிர்வாகப் பொறுப்பு ஏற்ற முதல் மாதம் கூட்டம் போடாதீர்கள், சுற்றறிக்கை அனுப்பாதீர்கள். மருந்துக் கிடங்கு, தடுப்பூசி அறை, ஆய்வகம், கணக்குப் பிரிவு என்று ஒவ்வொன்றாகப் போய் உட்காருங்கள். நான் இதைச் செய்யாமல் பட்டதைச் சொல்கிறேன்.

முதன்முதலில் பொறுப்பேற்ற இடத்தில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டியின் மேல் வெப்பநிலை அட்டவணை ஒட்டியிருந்தது. காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அட்டவணையில் மூன்று மாதத்துக்கும் காலை 5, மாலை 5. ஞாயிற்றுக்கிழமையும் 5. ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். மூடியைத் திறந்தேன். ஓரத்தில் ஐஸ் கட்டியிருந்தது. அடியில் இருந்த ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக் குப்பிகள் ஐஸோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தெர்மாமீட்டர் எண் தெரியாதபடி உடைந்திருந்தது.

இந்தத் தடுப்பூசி உறைந்தால் வீண். பார்த்தால் தெரியாது, குலுக்கிப் பார்க்க வேண்டும். அதே தொகுதியில் நல்ல குப்பி ஒன்றை எடுத்து வேண்டுமென்றே உறைய வைத்து, உருகவிட்டு, சந்தேகப்படும் குப்பியையும் அதையும் ஒரே கையில் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்தோம். அரை மணி நேரம் போவதற்குள் இரண்டிலுமே அடியில் வெள்ளைத் துகள் படிந்து மேலே தெளிந்த நீர் நின்றது. உறையாத தடுப்பூசி அவ்வளவு சீக்கிரம் தெளியாது. அப்படியென்றால் அந்தப் பெட்டியிலிருந்து ஏற்கெனவே போன குப்பிகள்? பிள்ளைகளுக்கு ஊசி போட்டாகிவிட்டது, பாதுகாப்பு கிடைத்திருக்குமா என்று சொல்ல முடியாது. அந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் நான் செய்தது, மருந்தாளுநருக்கு மெமோ. ஒரு வாரத்தில் அட்டவணை மாறியது. 4, 5, 6, மறுபடி 5 என்று நம்பும்படியான எண்கள் வர ஆரம்பித்தன. பெட்டி மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நோயாளியைக் கேட்பதுபோல் கேட்டேன். எப்போதிலிருந்து? முதலில் என்ன நடந்தது? அப்புறம்? தெர்மாமீட்டர் உடைந்து பல மாதம் ஆகிறது, கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அவருக்கே இரண்டு இடத்தில் பொறுப்பு. விடுமுறை நாளில் சாவி வேறொருவரிடம். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான எண்ணை எழுதியபோது ஒருமுறை அவரிடம்தான் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் அவர் ஏன் உண்மையை எழுதுவார்?

புதுத் தெர்மாமீட்டர் வாங்கினோம், சாவியை மாற்றி வைத்தோம். இரண்டு முதல் எட்டுக்கு வெளியே போன எண்ணை எழுதினால் மெக்கானிக் வருவார், மெமோ வராது என்று சொல்லி, அதை ஆறு மாதம் மாறாமல் நடத்திக் காட்டினோம். அதற்குப் பிறகு எண்கள் அசிங்கமாகவும் உண்மையாகவும் வந்தன. நாடுகள் தங்கள் நோய்ப் பரவலை ஏன் மறைக்கின்றன என்று பின்னாளில் சர்வதேச அரங்கில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டவணைதான் ஞாபகம் வரும்.

படிப்பு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எம்.பி.எச். தேவைதான், ஆனால் களத்தில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் படியுங்கள். கேள்விகளோடு போனால்தான் வகுப்பு பிடிபடும். தொற்றுநோயியல், புள்ளியியல் இரண்டையும் ஆழமாகப் படியுங்கள். சுகாதாரப் பொருளாதாரத்தைத் தவிர்க்காதீர்கள். களத்திலேயே வைத்துக் கற்பிக்கும் இரண்டு வருடத் தொற்றுநோயியல் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். 1951ல் அலெக்சாண்டர் லாங்முயர் அமெரிக்காவில் தொடங்கிய முறை அது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. பிறகு ஒரு மொழி. உலக சுகாதார நிறுவனத்தின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். ஆங்கிலத்தோடு பிரெஞ்சோ ஸ்பானிஷோ தட்டுத்தடுமாறிப் பேச வந்தாலும் போதும், கதவு திறக்கும்.

ஒரு பக்கக் குறிப்பு

நிர்வாகத்தில் உங்கள் கருவி ஒரு பக்கக் குறிப்புதான். பதினைந்து பக்க அறிக்கையை எந்தச் செயலரும் படிப்பதில்லை, அவருக்கு நேரமில்லை. முதல் வரியில் என்ன முடிவு வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்து பிரச்சினை, மூன்று நான்கு எண்களுக்கு மேல் வேண்டாம். அதன்பின் இரண்டு வழிகளாவது காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் இந்த வருடச் செலவும் அடுத்த மூன்று வருடச் செலவும் போடுங்கள். யார் எதிர்ப்பார்கள், ஏன் எதிர்ப்பார்கள் என்பதையும் நேர்மையாக எழுதுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் மருத்துவர்கள் விட்டுவிடுகிறோம். நமக்கு நோய் தெரிகிறது, அதனால் தீர்வும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நிதித்துறையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களை எதிரியாக நினைத்துப் பேசும் மருத்துவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கு வாய்த்த நிதி அதிகாரி ஒருவர், எந்தக் கோப்பைக் கொண்டுபோனாலும் ஒரே கேள்வி கேட்பார்: 'மூன்றாம் வருடம் இதற்கு யார் பணம் தருவார்கள்?' முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அதைவிட நல்ல கேள்வி கிடையாது. நன்கொடையாக வந்த கருவி, உதிரிபாகம் வாங்கப் பணம் இல்லாமல் போர்வை போர்த்திக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பட்ஜெட் எந்த மாதம் தயாராகிறது, திருத்திய மதிப்பீடு எப்போது போகிறது என்ற தேதிகளைத் தெரிந்துகொண்டு அதற்கு இரண்டு மாதம் முன்னால் அவரிடம் போங்கள். கடைசி வாரத்தில் அவசரம் என்று ஓடினால் உயிர் போகிற காரணமாக இருந்தாலும் பணம் வராது.

இருபத்து நான்கு மணி நேரம்

நிர்வாகமும் ராஜதந்திரமும் சேரும் இடம் நோய் அறிவிப்பு. 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிமுறைகளை முழுதாகப் படியுங்கள், இரண்டாம் இணைப்பை மனப்பாடமே செய்யுங்கள். அதில் நான்கு கேள்விகள்: பாதிப்பு தீவிரமானதா, வழக்கத்துக்கு மாறானதா, எல்லை தாண்டிப் பரவும் ஆபத்து இருக்கிறதா, பயணத்துக்கோ வர்த்தகத்துக்கோ தடை வரக்கூடுமா. இரண்டுக்கு 'ஆம்' என்றால் அறிவிக்க வேண்டும். தகவல் வந்த 48 மணி நேரத்தில் மதிப்பிட வேண்டும், மதிப்பிட்ட 24 மணி நேரத்தில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். பெரியம்மை, காட்டுவகைப் போலியோ (இயற்கையாகப் பரவும் வைரஸால் வருவது), மனிதரிடம் புதுவகை இன்ஃபுளுவென்சா, சார்ஸ் இந்த நான்குக்கும் யோசனையே கிடையாது, ஒரு நோயாளி கண்டாலும் அறிவிப்பு.

காகிதத்தில் எளிது. ஆனால் 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரானைக் கண்டுபிடித்து உடனே உலகத்துக்குச் சொன்னார்கள். சில நாட்களுக்குள் பல நாடுகள் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து வரும் விமானங்களை நிறுத்திவிட்டன. உண்மையை எழுதியவருக்கு மெமோ கொடுத்த கதைதான். உங்கள் அமைச்சர் 'கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே' என்று சொல்லும்போது அவர் மனதில் ஓடுவது இதுதான். அந்த அச்சத்தை அலட்சியம் செய்யாமல் பதில் வைத்துக்கொள்ளுங்கள். தயாராக எழுதிவைத்த ஒரு பொது அறிக்கை, சுங்கத்துறைக்கும் வெளியுறவுத்துறைக்கும் அதே மணியில் போக வேண்டிய செய்தி, மறைத்துப் பிறகு வெளிவந்தால் என்ன இழப்பு என்ற கணக்கு, இவ்வளவும் கையில் இருந்தால் அமைச்சர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போடுகிறார்கள். இதெல்லாம் நோய் வருவதற்கு முன்னால், அமைதியான ஒரு மாதத்தில் செய்துவைக்க வேண்டிய வேலை.

பேச்சுவார்த்தை மேசை

மருத்துவரும் தூதரும் ஒரே மேசையில் உட்காருவது புதிதில்லை. 1851ல் பாரிசில் முதல் சர்வதேச சுகாதார மாநாடு கூடியபோது 12 நாடுகளும் ஒரு மருத்துவரையும் ஒரு தூதரையும் அனுப்பின. காலரா எப்படிப் பரவுகிறது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. கப்பலை எத்தனை நாள் தடுத்து வைப்பது என்பதில் நாடுகளுக்குள் இழுபறி. நடைமுறைக்கு வந்த முதல் உடன்படிக்கை பிறக்க 1892 ஆகிவிட்டது. நாற்பது வருடம். அவசரப்படுகிற மருத்துவர் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம்மவரில் ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியாரை நினைத்துக்கொள்வேன். மகப்பேறு மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 வருடம் துணைவேந்தர், உலக சுகாதார நிறுவனம் பிறந்த புதிதில் அதன் நிர்வாக வாரியத் தலைவர், 1961ல் பதினான்காவது உலக சுகாதாரப் பேரவையின் தலைவர். பிரசவம் பார்த்தவர் அந்த அவையை நடத்தினார் என்றால் இந்தப் பாதை நமக்கு அந்நியமானதில்லை.

முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் அவைகள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரியில் நிர்வாக வாரியம், 34 பேர். மே மாதம் ஜெனீவாவில் எல்லா உறுப்பு நாடுகளும் கூடும் பேரவை. ஆண்டின் பிற்பாதியில் ஆறு மண்டலங்களின் குழுக்கூட்டங்கள். மே மாதம் பேச ஆரம்பிப்பவர் தாமதமாக வந்தவர். உண்மையான வேலை ஜனவரிக்கு முன்பே, மண்டலக் கூட்டத்தில் ஆரம்பித்துவிடும். அவை விதிகளை நீங்கள் உடற்கூறியல் படித்ததுபோல் படியுங்கள். 1945ல் ஐ.நா. சாசனம் எழுதக் கூடிய சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் சீனக் குழுவிலிருந்த மருத்துவர் ஸ்செமிங் ஸேயும் பிரேசில், நார்வே மருத்துவ நண்பர்களும் ஒரு சர்வதேச சுகாதார அமைப்பு வேண்டும் என்று முயன்றார்கள். தீர்மானமாகக் கொண்டுவரும் வழி அடைபட்டதும், பிரகடனம் என்ற வடிவத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். மூன்றே வருடத்தில், 1948 ஏப்ரல் 7 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் நடைமுறைக்கு வந்தது. விதி தெரிந்தவருக்கு இன்னொரு கதவு தெரியும்.

முதல் தடவை பிரதிநிதிக் குழுவில் போகும்போது குறிப்பெடுக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். எந்த நாடு எந்தச் சொல்லுக்கு மறுப்புச் சொன்னது, எந்த மணிக்கு இறங்கி வந்தது என்று எழுதி எழுதித்தான் காது பழகும். வரைவில் உடன்பாடு வராத சொற்கள் சதுர அடைப்புக்குள் நிற்கும். ஆங்கில வரைவில் 'ஷல்' என்றால் கட்டாயம், 'ஷுட்' என்றால் அறிவுரை. 'தேவைக்கேற்ப' என்ற ஒரு சொல் நுழைந்தால் ஒரு பத்தியின் பல் பிடுங்கப்பட்டுவிடும். மாலையில் மொழிபெயர்ப்பாளர்களின் நேரம் முடிந்தபின் நடக்கும் பேச்சுகளில் ஆங்கிலம் சரளமாக வராத நாடுகள் மௌனமாகிவிடும். அவர்களுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். உங்கள் தலைநகரிலிருந்து வந்த அறிவுறுத்தலில் எது விட்டுக்கொடுக்கலாம், எது கூடாது என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் தொலைபேசியை யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஒரு பணிக்குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். நோய்த் தகவலைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பகிர வேண்டும் என்று ஒரு பத்தி. ஒரு சிறிய தீவு நாட்டுப் பிரதிநிதி மட்டும் அந்தக் காலக்கெடுவை அடைப்புக்குள்ளேயே வைத்திருந்தார். தாமதம் ஆனால் தொற்று எப்படிப் பெருகும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டார், நன்றி சொன்னார், அடைப்பு அப்படியே நின்றது. மறுநாள் இடைவேளையில் அவர் பக்கத்தில் போய் நின்று, 'உங்கள் ஊரில் இந்த வேலையை யார் செய்வார்கள்?' என்று மட்டும் கேட்டேன். 'ஒரு மருத்துவர், ஒரு ஆய்வக உதவியாளர். எல்லாக் காலக்கெடுவும் அந்த இரண்டு பேர் தலையில்தான். அந்த மருத்துவர் பிரசவமும் பார்க்கிறார்' என்றார். நான் முந்தின நாள் பேசியது முழுக்க அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது. கேட்கும் நாடுகளுக்குச் செயலகம் ஆளும் உதவியும் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். இருபது நிமிடத்தில் அடைப்பை எடுத்துவிட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தன் ஊருக்கு எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தேடுங்கள். 1958ல் பேரவை அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கூடியது. பல வருடம் விலகியிருந்த சோவியத் ஒன்றியம் அப்போதுதான் திரும்பியிருந்தது. அதன் துணை சுகாதார அமைச்சர் விக்டர் ஷ்தானோவ் எழுந்து, பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிப்போம் என்றார். பனிப்போர்க் காலத்தில், அமெரிக்க மண்ணில், அவர் எடுத்துக் காட்டியது அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1806ல் பெரியம்மைத் தடுப்பூசி முறையைத் தந்த எட்வர்ட் ஜென்னருக்கு எழுதிய கடிதத்தை: பெரியம்மை என்று ஒரு நோய் இருந்ததை வருங்கால மக்கள் வரலாற்றில்தான் படிப்பார்கள் என்ற கடிதம். அதோடு இரண்டரைக் கோடி டோஸ் தடுப்பூசியும் தருவதாகச் சொன்னார்கள். மறுவருடம் தீர்மானம் நிறைவேறியது. தீவிரத் திட்டத்துக்கான பணம் 1966ல் இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் தப்பியது. 1977 அக்டோபரில் சோமாலியாவில் இயற்கையாக வந்த கடைசி நோயாளி. 1980 மே மாதம் பேரவை அறிவிப்பு. அந்த இரண்டு ஓட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அன்று யாரோ நடைவழியில் யாரிடமோ பேசியிருக்கிறார்கள்.

எல்லாம் இப்படி இனிமையாக முடிவதில்லை. 2007ல் இந்தோனேசியா பறவைக்காய்ச்சல் வைரஸ் மாதிரிகளைப் பகிர்வதை நிறுத்தியது. அமைச்சர் சிதி ஃபாதிலா சுபாரி இதயநோய் மருத்துவர். எங்கள் வைரஸிலிருந்து செய்த தடுப்பூசியை நாங்களே வாங்க முடியாது என்றால் நாங்கள் ஏன் அனுப்ப வேண்டும் என்பது கேள்வி. மாதிரியை நிறுத்தியது ஆபத்தான காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன், ஆனால் கேள்வி நியாயமானது. 2011ல்தான் ஒரு கட்டமைப்பு வந்தது: மாதிரிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பணமும் தர வேண்டும், பெருந்தொற்றில் தங்கள் உற்பத்தியில் ஒரு பகுதியையும் ஒதுக்க வேண்டும். 2025 மே மாதம் பெருந்தொற்று உடன்படிக்கை நிறைவேறியபோதும் இதே விஷயம் தீராமல் தனி இணைப்பாகப் பின்னால் பேசலாம் என்று விடப்பட்டது. இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு இன்னும் பல வருடம் இந்த மேசையில் வேலை இருக்கிறது.

வேலை கிடைக்கும் வழி

ஜெனீவா கேள்விக்கு வருகிறேன். அமைச்சகத்தின் சர்வதேசப் பிரிவு, ஜெனீவாவிலுள்ள நாட்டுத் தூதரகத்தில் சுகாதாரப் பொறுப்பு, உலக சுகாதார நிறுவனத்தின் நாட்டு அலுவலகம், இந்த மூன்று வாசல்களும் நேராகத் தலைமையகத்துக்கு விண்ணப்பிப்பதைவிட எளிதானவை. விண்ணப்பத்தில் 'பொறுப்பு வகித்தேன்' என்று எழுதாதீர்கள், என்ன மாறியது என்று எழுதுங்கள். பல பதவிகள் குறுகிய கால ஒப்பந்தம்தான், நிதி குறைந்தால் ஆட்குறைப்பும் நடக்கும். ஆகவே அரசு வேலையில் இருப்பவர்கள் ராஜினாமா செய்யாமல் அயற்பணியாக (டெபுடேஷன்) போகும் வழியைப் பாருங்கள். மருத்துவப் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து நேர்மையாகப் பேசுங்கள், பிள்ளைகளின் பள்ளி வருடங்கள் திரும்ப வராது. இன்னொன்று, புகையிலை நிறுவனத்துக்காரர் எந்தப் பெயரில் விருந்துக்கு அழைத்தாலும் போகாதீர்கள். சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் தலையீட்டிலிருந்து காக்கச் சொல்லும், புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3 ஷரத்தை ஒருமுறை படித்தால் ஏன் என்று புரியும்.

பேரவை முடிந்து திரும்பியதும் முதல் வாரத்திலேயே அறிக்கையை முடித்துவிடுங்கள், ஞாபகம் மங்கிவிடும். எந்தச் சொல் எதனால் மாறியது, நாம் எதற்குக் கையெழுத்துப் போட்டோம், அதை நம் நாட்டில் யார் எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு பிரதி அமைச்சருக்கு, ஒன்று நிதித்துறைக்கு. மூன்றாவது பிரதி, அந்தக் காலக்கெடு யார் தலையில் விழப்போகிறதோ அந்த மாவட்ட மருத்துவர்களுக்கும் ஆய்வகத்துக்கும். அனுப்பியதோடு விடாமல், படித்துவிட்டு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள். அடுத்த ஜனவரிக்கு உங்களுக்குத் தேவையான அறிவுறுத்தல் அந்தப் பேச்சில்தான் இருக்கும்.